பின்கட்டில் ஏறாத போதை

கஸ்பார் தண்டலை அடக்கம் செய்த மறுநாள் சாயங்காலத்திலிருந்து தங்கபுஷ்பத்தின் சோடா கம்பெனிப் பின்கட்டில் யார் எவ்வளவு குடித்தாலும் போதை ஏறாமல் போயிற்று.

மதுவிலக்குச் சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. வெள்ளோடைப்பட்டினத்தில் கள்ளுக்கடை இருந்த இடத்தில் கதர்க்கடையும், சாராயக்கடை இருந்த இடத்தில் வாசகசாலையும் வந்துவிட்டன. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவர்களும் தோணியேறிக் கொழும்புக்குப் போய்வருகிறவர்களும் சாயங்காலமானால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கடற்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தபோது, தங்கபுஷ்பம்தான் அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். முன்கட்டில் கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் விற்றாள். "இஞ்சி தூக்கலா ஒண்ணு" என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் காலிப் பெட்டிகளின் அடுக்கை ஓரமாக நகர்த்துவாள். அதற்குப் பின்னால் கதவு, கதவுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு, ஒரு லாந்தர், தோணிக்கு அடியில் வலைகட்டித் தொங்கிக்கொண்டே இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்த பீங்கான் ஜாடிகள்.

அவளுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டினவன் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனவன், அங்கேயே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டான் என்று தோணிக்காரர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவள் கொஞ்ச நாள் அழுதாள், பிறகு சோடா மிஷினின் இரும்புப் பிடியைச் சுற்றப் பழகினாள். அந்தப் பிடியைச் சுற்றிச் சுற்றி அவள் தோள்கள் ஆம்பிளைத் தோள்களாகிவிட்டன. பின்கட்டில் யாராவது வம்பு செய்தால் அவள் வாசலில் வந்து நின்றாலே போதும், அடங்கிவிடுவார்கள்.

கஸ்பார் அப்படி அடங்குகிறவனில்லை. தோணிக்குத் தலைவனைத் தண்டல் என்பார்கள். அந்தக் கரையில் அவனைப்போல் இருட்டில் கடல் தெரிந்த தண்டல் கிடையாது, அவளுக்கு ஜாடிகள் கொண்டுவந்து இறக்குகிறவனும் அவன்தான். ஒரு சாயங்காலம் அவனுக்கும் உப்பளத்துக் கூலிக்காரன் மாடக்கண்ணுவுக்கும் பெஞ்சில் உட்காருவது பற்றித் தகராறு வந்தது. மாடக்கண்ணு கரிசல்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டால் ஊரில் அவனுக்கு யாருமில்லை. கஸ்பார் அவனைச் சாதி சொல்லித் திட்டினான், மாடக்கண்ணு உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு எழுந்து போனான். சற்று நேரம் கழித்துக் கஸ்பார் கொல்லைப்பக்கம் போனான். திரும்பி வரவில்லை. தோணிக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள். விடிந்ததும் தங்கபுஷ்பம் பாட்டில் கழுவுகிற தொட்டிக்குப் போனபோது, பின்மண்டை உடைந்து, முகம் தண்ணீருக்குள் இருக்க, அவன் அதில் கிடந்தான்.

மத்தியானத்துக்குள் போலீசார் மாடக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் வேட்டியில் ரத்தம் இருந்தது. உப்பில் நின்று நின்று வெடித்த கால்களிலிருந்து உப்பளத்துக்காரர்கள் எல்லோர் வேட்டியிலும் அப்படி ரத்தம் இருக்கும். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள்தான் பின்கட்டைத் திறந்தாள். முதல் கிளாசைக் குடித்தவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள், இரண்டாவதைக் குடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் கலந்துவிட்டாள் என்று ஒருவன் சத்தம் போட்டான். அவள் ஒன்றும் பேசாமல் அதே ஜாடியிலிருந்து ஒரு பாட்டிலில் ஊற்றி, சந்தில் போய்க் குடி என்று அவன் கையில் கொடுத்தாள். சந்தில் நின்று குடித்தவன் தெருமுனைப் பைப்படி வரைகூடப் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றிப் பாட ஆரம்பித்தான். சரக்கில் குறையில்லை. அந்த அறையில்தான் ஏறவில்லை.

இரண்டு நாள் கோபித்துக்கொண்டு வராமலிருந்தார்கள். பிறகு கால்கள் பழகின வழியில் தாமாகவே நடந்து வந்துவிட்டன. வந்தவர்கள் குடித்தார்கள், குடித்தும் தெளிவாகவே இருந்தார்கள், தெளிவாக இருக்கிறவர்கள் எத்தனை நாழிகைதான் ஒரு லாந்தரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், அதனால் பேச ஆரம்பித்தார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவன் தன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன் என்று ஒருவனுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருப்பவனின் மனைவி செத்து வருஷமாகிறது என்பது இன்னொருவனுக்கு அன்றுதான் தெரிந்தது. சுமை தூக்குகிற ஆரோக்கியம் தன் பெண்ணுக்கு வயது எத்தனை என்று யோசித்து, யோசித்துத் திகைத்துப்போய், குடிப்பதைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். எல்லோரும் வாயில் வாடையும் கண்ணில் தெளிவுமாக, கால் பின்னாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பெண்கள் முதலில் பயந்தார்கள், பிறகு நம்பாமல் இருந்தார்கள், அதற்கும் பிறகு அது அவர்களுக்கு மழைபோல வெயில்போல வாடிக்கையாகிவிட்டது. ஆரோக்கியத்தின் மனைவி செபமாலை, கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலமானால் உலக்கையைக் கதவுக்குப் பின்னால் எடுத்து வைக்கிறவள், இப்போது புருஷன் வீட்டிலேயே சோம்பிக் கிடந்தால், இன்றைக்குச் சோடா கம்பெனிக்குப் போகவில்லையா, நேரமாகிறதே என்று துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். வேறெங்காவது காய்ச்சுகிற இடத்துக்குப் போனால் குடித்துவிடுவான், இங்கே போனால் குடிக்கமாட்டான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஜில்லாவிலேயே ஒழுங்கான ஊர் என்று பிரசாரத்துக்கு வந்த அதிகாரி ஒருவர் மேடையில் பாராட்டியபோது, முன்வரிசையில் இருந்த ஏட்டு சங்கரலிங்கம் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். சங்கரலிங்கமும் பின்கட்டுக்காரர்தான்.

அந்த நாட்களில்தான் மாதா கோயில் மணி தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது.

கோயில்பிள்ளை தொம்மைதான் மணி அடிப்பார், விளக்கேற்றுவார், பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பார். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர், சாராயத்தை வாயில் வைத்தறியாதவர். மனைவி முன்பே இறந்துவிட்டாள். ஒரே மகன் ராயப்பன் கஸ்பாரின் தோணியில் வேலைக்குப் போய், போன வருஷம் திரும்பி வரும்போது அவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்காததால் அவனுடைய சட்டையை வைத்து அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகும் தொம்மை ஒருநாள் மணி தவறவிட்டதில்லை. கஸ்பார் செத்த அன்றைக்கு மட்டும் சாயங்கால மணி தாமதமாக அடித்தது, அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போதோ, பின்கட்டில் பெஞ்சு நிறைந்த நேரத்தில் மணி இழுத்து இழுத்து அடித்தது, இடையில் நின்றது, மறந்துபோனதுபோல மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஜெபம் சொல்ல எழுந்து நின்ற கிழவிகள் எங்கே முடிப்பதென்று தெரியாமல் நின்றார்கள். கோயில்பிள்ளை கோபுரப் படியில் வாந்தி எடுத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள், வாயை முகர்ந்து பார்த்தார்கள், வாடையே இல்லை. கூலி போடுகிற சனிக்கிழமை, பின்கட்டில் இடமில்லாமல் நின்றுகொண்டு குடித்த அன்று, அவர் மணிக் கயிற்றைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். பெரிய வெள்ளிக்கிழமை கடை அடைத்திருந்த அன்று நல்ல பிள்ளையாக, மணிக்குப் பதில் மரத்தாளத்தைத் தட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தார். ஊர் இதையெல்லாம் கூட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ள அதிக நாளாகவில்லை. எல்லோருடைய போதையும் அந்த ஒருவர் தலைக்குப் போகிறது. ஏன் அவருக்கு என்று கேட்காமல், எப்படி அவரைப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் யோசித்தார்கள். பெண்கள் முறைவைத்துக்கொண்டு மோரும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், விழுந்தால் அடிபடாமலிருக்கக் கோபுரப் படியில் சாக்கு விரித்தார்கள், காலையில் அவர் தெளிந்து எழுந்து வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நடந்துபோகும்போது எதிரே வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி மருந்தால்கூட ஆகாத ஒன்றைக் கோயில்பிள்ளை செய்துகொண்டிருக்கிறார் என்று செபமாலை கண்கலங்கச் சொன்னாள்.

ஒருநாள் ஏட்டு சங்கரலிங்கம் பின்கட்டில் உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கோயில்பிள்ளை தள்ளாடிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறாராம், கஸ்பாரைக் கொன்றது நான்தான் என்று இரண்டு கையையும் நீட்டுகிறாராம், இவர் விலங்குக்குப் பதிலாக அந்தக் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அனுப்பிவிடுகிறாராம், மறுநாளும் வருகிறாராம். அறையே சிரித்தது. பிறகு சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. போதையில் இருக்கிறவர்கள் என்றால் சிரித்து முடித்திருப்பார்கள். அந்த அறையில் எல்லோரும் தெளிவாக இருந்தார்கள். லாந்தரின் திரி படபடப்பது கேட்டது. சங்கரலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றார், ஆமாம் என்றார்கள். அதற்குப் பிறகு அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

தங்கபுஷ்பத்தால் அப்படி மழைப் பேச்சுக்குத் தாவிவிட முடியவில்லை. மாடக்கண்ணு சிறைக்குப் போனதும் அவன் மனைவி மாகாளி கைக்குழந்தையோடு வேலை கேட்டு வந்து நின்றாள், தங்கபுஷ்பம் அவளைப் பாட்டில் கழுவ வைத்துக்கொண்டாள். கஸ்பார் கிடந்த அதே தொட்டியில் தினமும் காலையில் மாகாளி பாட்டில் கழுவினாள். எம்மவரு கோழி அறுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாரு என்று ஒருமுறை சொன்னாள், யாரிடமும் சொல்லவில்லை, பாட்டிலிடம் சொன்னாள். வழக்கு திருநெல்வேலிக் கோர்ட்டுக்குப் போகப்போகிறது, தூக்குத்தான் என்று ஊரில் பேச்சு.

இன்னொன்றும் இருந்தது. ராயப்பன் போன அந்தப் பயணத்தில் கஸ்பார் கொண்டுவந்த ஜாடிகள் அவள் ஜாடிகள். அவற்றைப் பின்கட்டில் இறக்கி வைத்துவிட்டு, பையனை அலை கொண்டுபோய்விட்டது என்று கஸ்பார் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னபோது, எப்படி என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. வந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பின்கட்டைப் பூட்டி, பெட்டிகளை மறுபடி அடுக்கி, இஞ்சி தூக்கலாகக் கேட்டவர்களுக்கு இஞ்சி சோடாவையே உடைத்துக் கொடுத்தாள். ஆண்கள் குடித்துவிட்டு முனகிக்கொண்டு போனார்கள். பெண்கள்தான் திரண்டு வந்தார்கள். இங்கே கதவை மூடினால் அவர்கள் உப்போடைக்கு அந்தப் பக்கம் காய்ச்சுகிற இடத்துக்குப் போவார்கள், போனால் பழையபடி ஆவார்கள், எங்கள் வயிற்றில் அடிக்காதே யக்கா என்று செபமாலை மன்றாடினாள். அவர்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே சாயங்கால மணி அடித்தது. இடைவெளி விட்டு, நிதானமாக, அடிக்க வேண்டியபடி அடித்து முடிந்தது. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் தொம்மையே வந்தார். கால் தடுமாறாமல் வந்தார், பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"ஏன் தாயி கடையை அடச்சுட்ட?" என்று கேட்டார்.

"உக்காருங்க ஐயா."

அவர் உட்காரவில்லை. "இத்தனை மாசத்துல இன்னைக்குத்தான் சாயங்காலத்தைப் பார்த்தேன். வெளிச்சம் போற வரைக்கும் நின்னு பார்த்தேன். எனக்கு என்ன நடக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"என் பின்கட்டுல குடிக்கிறது அத்தனையும் உங்க தலைக்குத்தான் வருது. ஊருக்கே தெரியும். உங்ககிட்ட மட்டும் யாரும் சொல்லலை."

தொம்மை அங்கே நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மோர் கொண்டுவந்த முகங்கள், சாக்கு விரித்த முகங்கள்.

"ஆண்டவர் தண்டிக்காருன்னுல்லா நெனச்சேன்," என்றார். "நீங்கதானா."

பிறகு உட்கார்ந்தார். கஸ்பாருக்கும் உங்களுக்கும் என்ன நடந்தது என்று தங்கபுஷ்பம் கேட்டாள், அவர் சொன்னார். சாகிற அன்று மத்தியானம் கஸ்பார் கோயிலுக்கு வந்தான், சாமியாரிடம் போகப் பயந்து இவரிடம் வந்தான். தீவுக்குப் பக்கத்தில் சுங்கக்காரர்களின் லாஞ்சுப் படகு வெளிச்சம் தெரிந்ததும் வலையை அறுத்து மிதவையோடு ஜாடிகளைக் கடலில் விட்டிருக்கிறார்கள், வலை சுக்கானில் சிக்கிவிடாமலிருக்க ராயப்பன் தண்ணீரில் இறங்கியிருக்கிறான், கஸ்பார் பாயை ஏற்றித் தோணியைத் தூரமாகக் கொண்டுபோயிருக்கிறான். லாஞ்சு போனபிறகு திரும்பி வந்தால், மிதவை ஒரு பக்கம் போகிறது, பையன் ஒரு பக்கம் போகிறான். பையனுக்கு நீச்சல் தெரியும், ஜாடிக்குத் தெரியாது என்று கஸ்பார் முதலில் ஜாடிகளை எடுக்கப் போனான். எடுத்துவிட்டுத் திரும்பியபோது கடல் மட்டும் இருந்தது. இதைச் சொல்லிவிட்டுக் கஸ்பார் குடிக்கப் போய்விட்டான். தொம்மை விளக்கேற்றினார், ஏற்றிவிட்டு, ஒரே ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது என்று பின்சந்து வழியாகக் கொல்லைத் தொட்டிக்கு வந்தார், கஸ்பார் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"பையன் கூப்பிட்டானான்னு கேட்டேன்," என்றார் தொம்மை. "கூப்பிட்டான், தண்டல் அண்ணேன்னு கூப்பிட்டான், காதுல விழுந்துதுன்னு சொன்னான். மிஷினு கம்பி அங்க சாத்தியிருந்தது."

தங்கபுஷ்பம் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த ஜாடி எனக்கு வந்ததுய்யா. நான்தான் கேட்டிருந்தேன். பையனை அலை கொண்டுபோயிட்டுன்னு அவன் சொல்லும்போது எப்படின்னு நான் கேக்கலை. கேட்டிருந்தா என்கிட்டயே சொல்லியிருப்பான்."

அவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் சோடா மிஷின் இருந்தது, அதன் பிடி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதைத் தங்கபுஷ்பமும் பார்த்தாள், ஆனால் நகரவில்லை. அவர் கேட்டது வேறு.

"அந்தச் சரக்கை யாரு குடிச்சா?"

"ஊரு குடிச்சுது."

செபமாலை தலையைக் குனிந்துகொண்டாள். அவளோடு சேர்த்து எத்தனையோ தலைகள் குனிந்தன. அப்போதுதான் தொட்டிப் பக்கமிருந்து ஈரக்கையோடு மாகாளி வந்து நின்றாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எம்மவரு அந்தச் சரக்கைக் குடிக்கலை," என்றாள். "அப்போ நாங்க இந்த ஊருக்கே வரலை."

தொம்மை அவளைப் பார்த்து எழுந்து நின்றார். காலையில் எழுந்தால் பயம் வந்துவிடுகிறது, சாயங்காலம் பயம் போகிறது, ஆனால் நாக்கு குழறிவிடுகிறது, இப்படியே நாளைக் கடத்திவிட்டேன் என்றார், பிறகு தங்கபுஷ்பத்திடம் திரும்பினார். "நாளைக்கு என்னை மாஜிஸ்ட்ரேட்டுகிட்டக் கூட்டிட்டுப் போவியா? தனியாப் போனா வழியிலயே திரும்பிருவேன்."

மறுநாள் காலையில் மூவரும் நடந்தார்கள். தொம்மை ராயப்பனின் அடக்கத்தன்று தான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். மாகாளி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். வழியில் ஆண்கள் ஒருவரையும் காணவில்லை, துறைமுகத்தில் பாரம் இறக்குகிற சத்தமும் இல்லை. தங்கபுஷ்பத்துக்கு அது விசித்திரமாகப் பட்டது, ஆனால் நின்று யோசிக்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் வருவதற்காகக் கோர்ட்டுக் கச்சேரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது தொம்மை வெயில் அதிகமாக இருக்கிறது என்றார். பிறகு சிரித்தார். பிறகு சுவரில் சாய்ந்து, நாக்கு தடித்து, ராயப்பா ராயப்பா என்று சேவகனைக் கூப்பிட ஆரம்பித்தார். சேவகன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, குடிகாரனையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தால் கேஸ் எழுதி உள்ளே வைத்துவிடுவார்கள் என்றான்.

மாகாளியிடம் அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் திரும்பி நடந்தாள்.

கம்பெனிப் பூட்டு உடைந்து கிடந்தது. பின்கட்டில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், சுமை தூக்குகிறவர்கள், தோணிக்காரர்கள், உப்பளத்து மேஸ்திரிகள், நடுவில் உடுப்போடு சங்கரலிங்கம். யாருக்கும் முகத்தில் சந்தோஷமில்லை. பேதிக்கு விளக்கெண்ணெய் குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் குடிக்கிற ஒவ்வொரு கிளாசும் அவரை மாஜிஸ்ட்ரேட் முன்னால் பேசவிடாமல் காப்பாற்றும் என்று, அவர்மேல் இருந்த பிரியத்தால் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைப் பார்த்ததும் சங்கரலிங்கம் எழுந்தார். "புஷ்பம், கோயில்பிள்ளை தூக்குல தொங்குறதைப் பார்க்கணுமா உனக்கு? மாடக்கண்ணு எங்கேயிருந்தோ வந்தவன். அவனுக்கு என்ன ஆனாலும் இந்த ஊர் தாங்கும். இவருக்கு ஒண்ணுன்னா தாங்காது."

"அவருக்குத் தாங்குமான்னு கேட்டீங்களா?"

"அவருக்கு நல்லதுதானே செய்யுதோம்."

"நேத்து ஒரு சாயங்காலம் அவரு தெளிவா இருந்தாரு," என்றாள் தங்கபுஷ்பம். "அந்த ஒரு சாயங்காலத்துல அவரு யோசிச்சு இதைத்தான் கேட்டாரு. நீங்க இத்தனை மாசம் இதே பெஞ்சுல தெளிவா உக்காந்திருந்தீங்க. என்ன யோசிச்சீங்க?"

அவர்களுக்குப் போதை ஏறியிருந்தால் அவளை ஏசியிருப்பார்கள், அழுதிருப்பார்கள், பாட்டுப் பாடியிருப்பார்கள். குடித்துக் குடித்து வயிறு கனத்துப்போன அந்த மனிதர்களுக்கு அவள் சொன்னது ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் விளங்கியது. ஆரோக்கியம் தன் கிளாசைப் பெஞ்சில் வைத்தான். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவனுக்கு அடுத்தவன் வைத்தான், அதற்கடுத்தவன். சங்கரலிங்கம் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார், பிறகு வைக்காமல் அதை ஜாடிக்குள்ளேயே திருப்பி ஊற்றினார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தங்கபுஷ்பமும் வாசற்படியில் உட்கார்ந்தாள். கோயில்பிள்ளைக்குத் தெளியட்டும் என்று, வெறுங்கையோடு, ஒரு சவத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்போல, வெயில் சாய்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். சாய்ந்தபிறகு செபமாலை கோர்ட்டிலிருந்து வந்து வாசலுக்கு வெளியே நின்று, சொல்லிவிட்டார், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாள்.

தொம்மைக்கு வயதையும் மகனையும் எண்ணிப் பார்த்துத் தூக்குக் கொடுக்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஜாடிகளைப் பற்றித் தங்கபுஷ்பமும் தானாகப் போய்ச் சாட்சி சொன்னாள், அதற்காகச் சில மாதம் உள்ளே இருந்தாள். மாடக்கண்ணு விடுதலையாகி வந்து, அந்த ஊரில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கரிசல்காட்டுக்கே போய்விட்டான். மாகாளி போகும்போது தங்கபுஷ்பத்திடம் சொல்லிக்கொண்டு போனாள், அவன் தெருவிலேயே நின்றுகொண்டான். ஆண்கள் உப்போடைக்கு அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள், அங்கே நன்றாகவே ஏறியது, செபமாலை உலக்கையைத் திரும்பக் கதவுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தாள். பைப்படியில் பார்த்தால் அவள் தங்கபுஷ்பத்திடம் முகம் கொடுப்பதில்லை. தங்கபுஷ்பம் அதற்காக அவளைக் குறை சொன்னதில்லை. சோடா மட்டும் விற்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைச் சிறைக்குப் போய்த் தொம்மையைப் பார்த்தாள். ஆரம்பத்தில் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமலே நேரம் முடிந்துவிடும். ஒருநாள் அவர், ராயப்பன் உன் கடைக்கு வந்திருக்கிறானா என்று கேட்டார். வந்திருக்கிறான், பின்கட்டுக்கு வந்ததில்லை, முன்னால் நின்று பன்னீர் சோடா குடிப்பான் என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் கேட்டார், அவள் ஞாபகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தாள், அவன் எப்படிச் சிரிப்பான், யாரோடு வருவான், தோணிக்காரர்களின் பாடலில் எந்த அடியை மாற்றிப் பாடுவான்.

"எந்தக் கையால பாட்டிலைப் பிடிப்பான்?" என்று ஒருதடவை கேட்டார்.

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். "இடது கையால. கோலியை உடைக்கிறதும் அந்தக் கைதான்."

சின்னப் பிள்ளையில் அவன் இடது கையால் சாப்பிட்டதற்காக அந்தக் கையைக் கட்டிப்போட்டு அடித்துப் பழக்கியதையும், அதற்குப் பிறகு வீட்டில் ஒருநாளும் அவன் அந்தக் கையை நீட்டாததையும் தொம்மை சொன்னார்.

"வீட்டுல வலது கைதான்," என்றார். "கடைசி வரைக்கும் வலது கைதான்."

காவலாளி நேரமாகிவிட்டது என்று வந்து நின்றான். "கோலியை எப்படி உடைப்பான்?" என்று தொம்மை கேட்டார், தங்கபுஷ்பம் கையைத் தூக்கி, இடது கையின் கட்டைவிரலை மடக்கி, அவன் அழுத்துகிற மாதிரியே அழுத்திக் காட்டினாள்.